துண்டு கனக்கட்டும்

கோயம்புத்தூரில் அந்த வருடம் இரண்டு பேர் டீக்கடையில் சேர்ந்து நின்றால் ஒரே பேச்சுதான். குவார்ட்டரா, தடுப்பா?

குவார்ட்டர் என்றதும் பழைய ஆட்களுக்கு வேறு நினைப்பு வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் நகர்வார்கள். இது அது அல்ல. அமெரிக்கப் புட்பாலில் பந்தைக் கையில் வாங்கி, எதிராளிகள் மேலே வந்து விழுவதற்குள் தன் ஆள் ஒருவனுக்குக் குறிபார்த்து எறிபவன் குவார்ட்டர்பேக். நம் ஊர் வாய் குவார்ட்டரோடு நிறுத்திக்கொண்டது. அவனை எறியவிடாமல் அமுக்க வருகிற பதினொரு பேர் தடுப்பு. ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பது எறிகிறவனா, அமுக்குகிறவர்களா என்பதுதான் சண்டை. இதற்காக ஒரு சம்பந்தமே முறிந்து போனது சூலூரில்.

ஆட்டம் இங்கே வந்த கதை சின்னது. அமெரிக்காவில் ஆடி ஓய்ந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்த டாக்டர்கள் சொன்ன சேதி நன்றாயில்லை. தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். அப்புறம் ஆடக்கூடாது என்று சட்டமே வந்தது. பார்க்கக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. பனியனை எந்த ஊரில் தைக்கக் கொடுத்தார்களோ, மண்டையையும் அந்தப் பக்கமே உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுடைய ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத் தோதாக இங்கே விடிகாலையில் ஆட்டம்.

மருதாசலம் இந்தச் சண்டையில் எந்தக் கட்சியும் இல்லை. தரகருக்கு ஏது கட்சி? அவருடைய அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாங்குபவன் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். சுற்றி ஊரே நின்றாலும் விலை என்னவென்று வெளியே தெரியாது. விரலை நீட்டினால் ஒரு அர்த்தம், மடக்கினால் ஒரு அர்த்தம். கையை முழுசாக மூடி எதிராளியின் உள்ளங்கையில் வைத்துவிட்டால், போதும், உன் விலைக்கே ஓட்டிக்கொண்டு போ என்று அர்த்தம்.

மூடின கை வந்ததும் உடனே அழுத்தி முடித்துவிடக் கூடாது. அது அப்பாவின் தொழில் ரகசியம். கொஞ்ச நேரம் மரம் மாதிரி நிற்க வேண்டும். கை மூடியவனுக்குப் பொறுக்காது. மூக்கணாங்கயிறு இனாம் என்பான். இன்னும் நின்றால் கன்றுக்குட்டியையும் சேர்ப்பான். "துண்டு கனக்கட்டும்" என்பார் அப்பா. கல்யாணப் பேச்சிலிருந்து கத்திரிக்காய் வரைக்கும் அந்த வீட்டில் அதே பேச்சு.

மாடு போய் ஆள் வந்தது. மருதாசலம் ஆட்டக்காரர்களை அணிகளுக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகரானார். அவர் கையில் இருந்ததிலேயே உயர்ந்த உருப்படி கோவை ஹேமர்ஸ் அணியின் குவார்ட்டர் பரணி. சொந்தத் தங்கை வசந்தாமணியின் மகன்.

பரணிக்குக் காது குத்தியது மருதாசலத்தின் மடியில். இருபத்தொரு வயதில் காதுக்குப் பின்னால் சிப் பதித்தபோதும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்தான். அந்தச் சிப்புக்கு நீள்நொடி என்று பெயர். லீக்கில் குவார்ட்டர்களுக்கு மட்டுமே அது அனுமதி. டெக்னீஷியன் ஜெஸிந்தா அன்றைக்கே விளக்கிவிட்டாள்.

"பந்து கைக்கு வந்ததும் ஆன் ஆகும் சார். விசில் அடிச்சா ஆஃப். நடுவுல உங்க பையனுக்கு ஒரு நொடி ரெண்டு நிமிஷமாத் தெரியும். உடம்பு வேகமாகாது, மனசுக்குத்தான் நேரம் கூடும். யார் எங்க ஓடறான், எவன் காலியா நிக்கிறான்னு சாவகாசமாப் பார்த்து எறியலாம்."

"உதைபட்டா?"

"அதுவும் சாவகாசமாத்தான் சார்." அவள் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. பயம் வந்தா நொடி இன்னும் நீளும்."

"எவ்வளவு நீளும்?"

"அளந்து பார்த்ததில்லை. இதுவரைக்கும் யாரையும் ரொம்ப நேரம் பிடிச்சு வச்சதில்லையே. தள்ளினா விழுந்துடறாங்க."

சட்டத்தின் கண்துடைப்புக்காக ஒரு பொத்தானும் கொடுத்தார்கள். ரத்த உறவு ஒருவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்து ஓரம் உட்கார வேண்டும். அழுத்தினால் சிப் அந்தக் கணமே செத்துப் போகும். ஆட்டமும் போகும். அதற்கு மேல் அவன் குவார்ட்டர் இல்லை, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் இன்னொரு ஆள். பொத்தான் மருதாசலத்தின் கழுத்தில் தொங்கியது. மூன்று சீசனாக அதைத் தொட்டுப் பார்த்தது துடைப்பதற்கு மட்டும்தான்.

அந்த மூன்று சீசனும் ஹேமர்ஸ்தான் ஜெயித்தது. குவார்ட்டர் கட்சிக்காரர்கள் டீக்கடைகளில் மீசையை முறுக்கினார்கள். தடுப்புக்காரன் சந்தையில் கிழட்டு மாட்டு விலைக்குப் போனான்.

நான்காவது சீசன் இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்த பரணி கையை உதறிவிட்டுச் சொன்னான்.

"மாமா, இதோட போதும்ங்க. இந்த ஆட்டம் முடிஞ்சதும் சிப்பக் கழட்டிப் போடலாம்ங்க."

மருதாசலம் ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "ஏங் கண்ணு? எங்கியாச்சும் வலிக்குதா?"

"ஒருத்தன் தோள் வந்து என்ற விலாவுல படுதுங்க. எலும்பு வளையறத நான் பாத்துட்டே இருக்கோணும். திரும்பிக்க முடியாது. கத்தலாம்னு வாயத் தொறந்தா, தொறக்கவே அத்தன நேரமாகுது. ஒவ்வொரு தடவையும் நான் உள்ள தனியா இருக்கறேன்ங்க மாமா. வெளிய எனக்கு இருபத்திநாலு வயசு. உள்ள எத்தனைன்னு எனக்கே மறந்து போச்சு."

"இன்னும் ஒரே ஒரு சீசன்…"

"இல்லீங்க."

"மொத்தம் வேண்டாம். பாதி சீசன்."

"மாமா, நான் மாடில்லீங்க."

வசந்தாமணி கரண்டியோடு நின்றாள். "கேக்கறான்ல, உட்ருங்கண்ணா."

"உட்டாச்சு அம்மிணி, உட்டாச்சு. அவனுக்கு அப்பளம் வையி" என்றார் மருதாசலம். மனசுக்குள் அவர் ஏற்கெனவே ஒட்டன்சத்திரம் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

அவர் கணக்கு இப்படி ஓடியது. தோற்காமலே ஓய்வு பெறும் குவார்ட்டரால் தரகருக்கு என்ன பிரயோசனம்? ஒரு மாலை, ஒரு சால்வை. ஆனால் அதே குவார்ட்டரை ஒரு தடுப்பு அமுக்கி ஜெயித்தால் சந்தையே தலைகீழாகும். அப்போது தடுப்புக்காரர்கள் யார் கையில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. உசிலம்பட்டிப் பக்கம் கபடிப் பையன்களாகப் பார்த்து, ஒரு குழுவையே அடிமாட்டு விலைக்கு அவர் போன கோடையிலேயே கைப்பிடித்து வைத்திருந்தார். இறுதி ஆட்டத்தில் எதிரே இறங்கப்போகும் மதுரை அணியின் தடுப்பே அதுதான். விற்பவன் பக்கம் ஒரு தரகு, வாங்குபவன் பக்கம் ஒரு தரகு. இதில் பாவம் என்ன இருக்கிறது? சந்தையில் எல்லாரும் செய்வதுதான்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு புரோட்டாக் கடை. மதுரைத் தடுப்புக்குக் கோச் சோணைமுத்து முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் கபடியில் பிடிகாரன். கை ஒவ்வொன்றும் உலக்கை.

"வாங்கண்ணே. என்ன, துக்கம் கேக்க வந்தீகளா? எங்க பயலுக சிங்கம்ணே. ஆனா உங்க மாப்ள பந்த வாங்குனா, நாங்க போயிச் சேர்றதுக்குள்ள அவன் எறிஞ்சுட்டுத் தலைசீவி நிக்கிறான். எப்படியோ சேந்து கீழ தள்ளுனாலும், அடுத்த பந்துக்கு எந்திரிச்சு வந்துர்றான்."

மருதாசலம் துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டார். முதலில் தனக்கு வரவேண்டியதை விரலில் பேசி முடித்தார். அது ஒரு புரோட்டா ஆறுகிற நேரம் ஆயிற்று. அப்புறம் வாயைத் திறந்தார்.

"ஏன் கீழ தள்றீங்க?"

"தள்ளாம? முத்தம் குடுக்கவா?"

"முன்னெல்லாம் குவார்ட்டரப் புடிச்சாலே விசில் அடிப்பாங்க. சப்புனு இருக்குதுன்னு அமெரிக்காக்காரன் விதிய மாத்திட்டான். இப்ப முட்டி தரையில பட்டாத்தான் விசில். விசில் அடிச்சா அவனுக்கு விடுதலை. அதனால தள்ளாதீங்க. நிக்க வச்சே புடிங்க. கபடியில ரைடர மூச்சு உட வெப்பீங்கல்ல, அது மாதிரி. எறியற கையக் கட்டி, ரெண்டு பேரு இடுப்புல, ரெண்டு பேரு தொடையில. முட்டி மடங்கவே கூடாது. அவனுக்கு உள்ள ஓடற நேரம் வேற. ஒருக்கா அப்படிப் புடிச்சா, மறுபடி பந்த வாங்கறதுக்குக் கை நீட்ட மாட்டான்."

சோணைமுத்து கையைத் துண்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டான். எலும்பை உடைத்து வளர்ந்த மனிதன், தரகரை மேலும் கீழும் பார்த்தான்.

"உங்க தங்கச்சி மயன்ணே அவன்."

"போறேன்னு நிக்கறான். ஒரே ஒரு ஆட்டம். தோத்துட்டு ஊட்டுக்கு வந்து தூங்கட்டும்."

"நான் ஆள அடிப்பேன்ணே, மறுக்கல. ஆனா நீங்க…" சோணைமுத்து புரோட்டாத் தட்டைத் தள்ளி வைத்தான். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தன்று அவிநாசி ரோட்டு மைதானத்தில் விடிவதற்குள் கூட்டம் நிரம்பிவிட்டது. ஓரத்தில் மருதாசலம், கழுத்தில் பொத்தான். பக்கத்தில் வசந்தாமணி, மகனின் கடைசி ஆட்டம் என்று முதல்முறையாக மைதானத்துக்கு வந்திருந்தாள். காலையில் எடுத்துக் கட்டிய பச்சைச் சேலை.

பரணி பந்தை வாங்கினான். மதுரைக்காரர்கள் ஓடிவந்த மாதிரியே தெரியவில்லை, நடந்து வந்து வளைத்தார்கள். ஒருவன் எறிகிற கையை உடம்போடு சேர்த்து அணைத்தான். இரண்டு பேர் இடுப்பை. இரண்டு பேர் குனிந்து தொடையை. மீதிப்பேர் சுற்றி நின்று முட்டுக் கொடுத்தார்கள், தேருக்குக் கட்டை போடுவது போல. ஹேமர்ஸ் ஆட்கள் முதுகில் விழுந்து இழுத்தார்கள். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. யாரும் விழவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முட்டியைப் பார்த்துக் குனிந்தார். முட்டி தரையில் படவில்லை.

கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் அமைதியாயிற்று. தடுப்புக் கட்சிக்காரன் எவனோ ஒருவன் "கபடி கபடி" என்று பாட ஆரம்பித்தான். அந்தப் பக்கத்துக் கேலரி மொத்தமும் சேர்ந்துகொண்டது.

குவியலுக்கு நடுவிலிருந்து பரணியின் இடது கை மட்டும் வெளியே தொங்கியது. மெதுவாக அது மேலே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கை முழுசாக மூடியது. மூடின கை மாமனைப் பார்த்து நீண்டது.

வசந்தாமணியும் அதே தரகர் வீட்டில் பிறந்தவள்தான். "அண்ணா! கைய மூடிட்டான்ணா! உங்க வெலைக்கே ஒத்துக்கறான், அழுத்துங்கண்ணா!"

மருதாசலத்தின் கட்டைவிரல் பொத்தான் மேல் போனது. போனது, நின்றது. உன் விலைக்கே என்றால் அடுத்த சீசன் உண்டு என்று அர்த்தம். பொத்தானை அழுத்தினால் சிப் போகும், சீசன் போகும், படிந்த வியாபாரம் படிந்த இடத்திலேயே சாகும். அழுத்தாவிட்டால்? அரை சீசன் கேட்டதற்கு முடியாது என்றவன் இப்போது கையை மூடுகிறான். இன்னும் கொஞ்சம் நின்றால் இரண்டு சீசனுக்கு விரல் வராதா?

நாற்பது வருடத் தொழில். கை வந்ததும் அழுத்திப் பழக்கமில்லை.

"இரு அம்மிணி" என்றார், மூடின கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "துண்டு கனக்கட்டும்."

அவள் பொத்தானைப் பிடுங்கப் பாய்ந்தாள். அவர் முழங்கையால் தடுத்தார். அதற்குள் ஹேமர்ஸ் அணியின் தடியன் ஒருவன் கால் இடறி மொத்தக் குவியலின் மேலும் சரிந்தான். எல்லாரும் விழுந்தார்கள். விசில் அடித்தது. வெளியே ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மதுரை ஜெயித்தது. மத்தியானத்துக்குள் தடுப்புக்காரர்களின் விலை தங்கத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. மருதாசலத்தின் போன் ஓயவில்லை.

பரணியைத் தாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. அம்மாவை வெகுநேரம் பார்த்தான். கையை நீட்டி அவள் முந்தானையைத் தொட்டான்.

"இன்னும் அதே சேலையாம்மா?" என்றான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் நடமாடியது, வெளிநாட்டில் வெகுகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவன் போலத்தான். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடினான். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் தூரத்திலிருந்து நடந்து வரும். அழவில்லை. கோபப்படவில்லை. அதையெல்லாம் உள்ளேயே முடித்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான். மருதாசலத்துக்கு அது நிம்மதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே மாமனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். மருதாசலத்தின் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்ங்க. அன்னைக்கு நான் கைய மூடிக் காட்டுனத நீங்க பாத்தீங்களா?"

"கூட்டத்துல என்னத்தக் கண்ணு தெரியுது…"

"பாக்கலைன்னா பரவால்லீங்க. பேச்சு முடிஞ்சுது, நாளைக்கே சிப்பக் கழட்டிர்றேன். பாத்திருந்தீங்கன்னா, மூடின கை மூடின கைதான். உங்க வெலைக்கே அடுத்த சீசன் ஆடறேன்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

மருதாசலம் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் குறைவு. ஆளும் பேரும் போனாலும் வியாபாரம் போகக்கூடாது. தடுப்பு விலை ஏறின சந்தையில், வீழ்ந்த குவார்ட்டர் திரும்பி எழுந்து வருகிறான் என்றால் அமெரிக்காவே கண்முழித்துப் பார்க்கும். குவார்ட்டரும் அவர் கையில், தடுப்பும் அவர் கையில்.

"பாத்தேன் கண்ணு" என்றார்.

பரணி தலையாட்டினான். "ஒரே ஒரு சேர்க்கைங்க. மாட்டோட மூக்கணாங்கயிறு மாதிரி."

அந்தச் சேர்க்கையை ஜெஸிந்தாதான் விளக்கினாள். நெடுநேரம் பிடிபட்டதில் பரணியின் உள்கடிகாரம் சறுக்கிவிட்டது. விசில் அடித்தாலும் முழுசாகத் திரும்புவதில்லை. அவனோடு சேர்த்துக் கட்ட இன்னொரு தலை வேண்டும், ரத்த உறவாக இருந்தால் பொருந்தும். அந்த ஆளுக்கும் காதுக்குப் பின்னால் ஒரு சிப். இவனுக்கு நேரம் நீளும்போது அவருக்கும் நீளும். விசில் அடித்தால் இருவரும் சேர்ந்து திரும்புவார்கள்.

"மாமா உக்காந்தா ஆடறேன். இல்லைன்னா இல்ல" என்றான் பரணி.

"எனக்கு வலிக்குமா?" மருதாசலம் ஜெஸிந்தாவைத்தான் கேட்டார்.

"வலி உங்களுக்கு வராது சார். நேரம் மட்டும் வரும்."

நேரம்தானே! நேரத்துக்கு என்ன கேடு? மனுஷன் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்காதா என்றுதானே அலைகிறான். மருதாசலம் உடனே சரி என்றார். அவர் வாழ்க்கையில் துண்டு கனக்க விடாமல் முடித்த ஒரே வியாபாரம் அது.

சிப் பதித்த அன்று ஊசியைப் பார்த்து முகம் சுளித்தவரைப் பரணி தோளோடு பிடித்துக்கொண்டான். "என்ற மடியில உக்காந்துக்கங்க மாமா. முறை திரும்புது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மருதாசலமும் சிரித்தார்.

பொத்தானை இனி அவர் மாட்டிக்கொள்ள முடியாது. இருவருக்கும் சேர்த்து ஒரே பொத்தான், வேறொரு ரத்த உறவிடம் இருக்க வேண்டும். வசந்தாமணி கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

புதுச் சீசன், முதல் ஆட்டம், எதிரே அதே மதுரை. பந்து பரணியின் கைக்கு வந்தது.

உலகம் நின்றது.

முதலில் மருதாசலத்துக்கு அது பிடித்திருந்தது. எதிர்க் கேலரியில் ஒருவன் தும்முவதைத் தொடக்கத்திலிருந்து பார்த்தார். விளம்பரப் பலகைகளை ஒன்றுவிடாமல் படித்தார், அப்புறம் கடைசியிலிருந்து படித்தார். ஒரு காக்கை வானத்தில் ஆணியடித்த மாதிரி நின்றது. மதுரைக்காரர்கள் வந்தார்கள். அவர் கைப்பிடித்த பையன்கள். அவர் சொல்லிக்கொடுத்த பிடி. கையை ஒருவன், இடுப்பை இரண்டு பேர், தொடையை இரண்டு பேர்.

சரி, விழு கண்ணு என்று நினைத்தார்.

பரணி விழவில்லை. அவர்கள் பிடித்தது போதாதென்று அவனும் முட்டியைப் பூட்டிக்கொண்டு நின்றான். எதிராளிகளின் தலைகளுக்கு மேலே அவன் முகம் தெரிந்தது. மாமனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பல வருடம் குடியிருந்த தெருவுக்குத் திரும்பி வந்தவனுடைய முகம். அவசரமே இல்லை.

அப்போதுதான் மருதாசலத்துக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் காக்கை இன்னும் கொஞ்சம் நின்றது.

பலகைகளை மறுபடி படித்தார். குவார்ட்டரா தடுப்பா என்ற வழக்கை எடுத்து இரண்டு பக்கமும் தானே வாதாடினார், தீர்ப்பும் சொன்னார், அப்பீலும் போனார். அப்பா முகத்தை நினைத்துப் பார்த்து முடித்தார். கண்ணை மூடலாம் என்று நினைத்தார். இமை பாதி வழி இறங்குவதற்குள் அந்த ஆசை செத்துப் போனது. கத்த வாய் திறந்தார். வாய் இன்னும் திறந்துகொண்டிருந்தது.

கடைசியில் கையைத் தூக்கினார். அது எழுந்து வந்த காலத்தில் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கலாம். சுண்டுவிரல் மடங்கியது. மோதிர விரல். நடுவிரல். மூடின கையைத் தங்கை பக்கம் நீட்டினார். போதும் அம்மிணி, உன் விலைக்கே.

வசந்தாமணி பார்த்தாள். பார்த்துவிட்டாள் என்பதில் சந்தேகமே இல்லை. அவள் கட்டைவிரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தப் போகிறாளா என்று அந்த விரலையே பார்த்தார், பார்த்தார், ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தார்.

விரல் நகரவில்லை. அவள் உதடுதான் பிரிய ஆரம்பித்தது, ஏதோ சொல்ல. மேலுதடும் கீழுதடும் குவிந்து, முதல் எழுத்து உருவாகத் தொடங்கியது.

து.

மிச்சம் என்னவென்று மருதாசலத்துக்குத் தெரியும். ஆனாலும் அது முழுசாக வந்து சேரும் வரைக்கும் அவர் இருந்தாக வேண்டும்.